மூன்றாய் அறுத்த செங்கல்

பிப்ரவரி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் மாடியின் கடைசி வீட்டில், அரசர் கூடத்தில் உயிரோடு இருந்தார், படுக்கையறையில் செத்துக் கிடந்தார், சமையலறையில் அப்படியொருவர் ஆண்டதாகவே யாருக்கும் நினைவில்லை. அன்று தக்காளி விலை ஏறியிருந்தது. லிஃப்ட் வேலை செய்தது.

வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். மெக்கானிக், அந்த வட்டாரத்து லிஃப்டுகளுக்கெல்லாம் கிரீஸ் போட்டு ஓடவைப்பவன். அவன் மனைவி, ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து முகம் தெரியாத வாய்களுக்குப் பல் செட் கட்டுகிறவள். அவனுடைய அம்மா, தொலைபேசி நிலையத்தில் ஓய்வு பெறும் வயதுவரை ஊரார் பேச்சையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு வேறு லைன் கிடைக்காததால் மருமகளின் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் கட்டிக்கொடுத்த பல் செட் ஈறைக் கடிக்கிறது என்று அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார். வெளியாள் வந்தால் மாட்டிக்கொள்வார். மருமகள் முன்னால் மாட்டமாட்டார். அது ஒரு விமர்சனம்.

லிஃப்ட் குழிகளின் அடியில் மெக்கானிக் எதையாவது கண்டெடுத்துக்கொண்டே இருப்பான். சாவி, சீப்பு, ஒற்றைத் தோடு, ஒருமுறை யாரோ கோபத்தில் வீசிய கல்யாணப் போட்டோ. லிஃப்டுக்கும் தளத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளிதான் உண்டு. அதன் வழியாக ஒரு சாண் தடிமனில் ஒரு புத்தகம் எப்படி விழுந்தது என்று அவன் யோசிக்கவில்லை; விழுந்திருந்தது, எடுத்துவந்தான். அட்டையில் சிறகுள்ள ஒரு பாம்பு நெருப்பு கக்கிக்கொண்டிருந்தது. உள்ளே அது கடைசிவரை வரவே இல்லை. உள்ளே இருந்தது ஒரு சிம்மாசனம், அதில் உட்கார ஆசைப்படும் நாற்பது பேர், அந்த நாற்பது பேருக்கும் துரோகம் செய்யும் நானூறு பேர். ஒரு தாத்தாவுக்கும் அவர் பேரனுக்கும் ஒரு வாளுக்கும் ஒரே பெயர். வாள்தான் கொஞ்சம் நம்பத்தக்கது. முதல் பக்கத்தில் வரைபடம், கடைசியில் வம்ச அட்டவணை. வீட்டில் அதற்குச் செங்கல் என்று பெயர் வைத்தார்கள்.

செங்கல் வந்த பிறகு வீட்டில் அமைதி போயிற்று. மெக்கானிக் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட்டை அவன் வேலைக்குப் போனதும் மாமியார் உருவிவிட்டுத் தன் கண்ணாடி உறையை வைப்பார். மருமகள் அதை எடுத்துவிட்டு ஒரு கொண்டை ஊசியை வைப்பாள். யாரும் யாரிடமும் நேராகக் கேட்கவில்லை. கதையில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். கடைசியில் மருமகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் மாதிரிகளை அறுக்கும் மெல்லிய ரம்பத்தை மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து செங்கலின் முதுகில் வைத்தாள். பிளாஸ்டரில் வார்த்த தாடையைப் பல் பல்லாக அறுத்துப் பிரித்து, வேலை முடிந்ததும் மறுபடி சேர்த்துவைப்பது அவளுடைய அன்றாடத் தொழில். தாடையைச் சேர்க்க முடிந்தவளுக்குப் புத்தகத்தைச் சேர்க்கத் தெரியாதா என்பது அவள் கணக்கு. ரம்பம் எதை அறுத்தாலும் தன் பங்குக்கு ஒரு மயிரிழை தின்றுவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். தாடையில் அதற்கு இடம் விட்டுத்தான் அறுப்பாள். புத்தகத்தில் விடவில்லை.

முதல் பாகத்தை மெக்கானிக் கூடத்து சோபாவில் படித்தான். இரண்டாம் பாகத்தை அவள் படுக்கையறையில் படித்தாள். மூன்றாம் பாகத்தை மாமியார் வாங்கிக்கொண்டு சமையலறை முக்காலியில் உட்கார்ந்தார். முடிவு தெரியாத எதையும் அவர் தொடங்குவதில்லை. மகனுடைய கல்யாணத்தைத் தவிர, என்று சொல்லிக்கொள்வார். வரைபடம் மெக்கானிக்கிடமும் வம்ச அட்டவணை மாமியாரிடமும் மாட்டிக்கொண்டதால் நடுப்பாகத்துக்காரிக்கு வடக்கு எது, யார் யாருக்கு மாமா என்று எதுவும் புரியவில்லை. மாமாக்களைத் தெரிந்துகொள்ள அவள் ஒரு வாரம் பாத்திரம் கழுவவேண்டியிருந்தது. வடக்கைக் கணவன் சும்மா காட்டினான்.

முதலில் வந்தது குதிரை வாடை. பிறகு வாஷிங் மெஷினில் ஒரு தலைக்கவசம். அந்த வாரக் கடைசிக்குள் அரசவை முழுவதும் குடியேறிவிட்டது. ஏற்பாடு எளிமையானது: எந்த அறையில் எந்தப் பாகம் படிக்கப்பட்டதோ, அந்த அறையில் அந்தக் காலம். வீட்டு வாசலைத் தாண்டிக் கதை போகவில்லை. கூடத்தில் அரசர் டீபாயில் கால் நீட்டி உட்கார்ந்து வரி உயர்த்தினார். படுக்கையறையில் அவருடைய பிணம் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே மலர் வளையத்தோடு கிடந்தது. போர்வை எடுக்க அதைத் தாண்டவேண்டும். சமையலறையில் ஒன்பது வயதுப் புது அரசன் ஒருவன் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போர் அறிவித்தான். கீழ்வீட்டுக்காரர் மேலே குளம்புச் சத்தம் கேட்பதாகப் புகார் செய்தார். குதிரைகளுக்குச் சாக்கு விரித்தார்கள். புகார் நின்றது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. குளியலறைக்குப் போக படுக்கையறை வழியாகத்தான் போகவேண்டும். அரண்மனைக்காரர்கள் தங்கள் அவசரங்களுக்குப் பானை கொண்டுவந்திருந்தார்கள் என்றாலும், ஃப்ளஷ் சத்தம் கேட்டு ஆசைப்பட்ட அரசர் அவ்வப்போது எழுந்து படுக்கையறைக்குள் கால் வைப்பார். வைத்த காலிலேயே விழுந்து பிணத்தோடு பிணமாகிவிடுவார். மெக்கானிக் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்துபோய், அவர் இரண்டு காலையும் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவருவான். நிலைப்படி தாண்டியதும் அவர் எழுந்து உட்கார்ந்து கிரீடத்தைத் தட்டிவிட்டு, "நாம் எங்கே விட்டோம்?" என்பார்.

"வரியில," என்பான் மெக்கானிக்.

அரசரைப்போல அசடு இல்லாத ஒருவர் கூடத்தில் இருந்தார். அரசருக்கு முன்னால் ஒவ்வொரு உணவையும் ருசி பார்த்து, விஷம் இருந்தால் தான் சாகவேண்டியவர். இடுப்பில் ஒரு வெள்ளிக் கரண்டி தொங்கும். மாமியார் அவரைக் கரண்டி என்று கூப்பிட்டார், மற்றவர்களும் அப்படியே. ஐம்பது வயது இருக்கும். வாயில் ஒரு பல்கூட இல்லை. ஒவ்வொரு பல்லும் ஒரு சதிக்குப் போனது. எது எந்த இளவரசனுடைய வேலை என்று ஈறைத் தொட்டுக் காட்டுவார். சமையலறைக்குள் அவரால் நுழைய முடியாது, மூன்றாம் பாகத்தில் அவர் இல்லை, நுழைந்தால் காற்றாகிவிடுவார். அதனால் தட்டுகளைக் கூடத்துக்குக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மெக்கானிக்கின் டீயையும் அவர் விடவில்லை. "விஷம் இல்லீங்க. சர்க்கரையும் இல்லீங்க," என்று திருப்பிக் கொடுப்பார்.

அவரை மருமகள் முதலில் பார்த்தது படுக்கையறையில், ஜன்னல் கம்பியில் கயிற்றில் தொங்கியபடி. நடுப்பாகம் அங்கேதான் தொடங்கியது: அரசர் விஷத்தால் இறந்தார், விஷம் வைத்தவர் முதலமைச்சர், பழி ருசி பார்க்கிறவன் தலையில் விழுந்தது. அந்த அறையில் படித்துக்கொண்டிருந்தவளுக்கு அது ஒரு துணைக்கதை, மூன்று பக்கம், தாண்டிப்போய்விட்டாள். கூடத்துக்கு டீ எடுத்துவந்த ஒரு மாலை அதே ஆள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, பொக்கைவாயால் சிரித்து, உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் என்ன என்று கேட்டபோதுதான் அந்த மூன்று பக்கம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. குளியலறை, வெந்நீர்க் குழாய், என்றாள். குழாயைத் திருகினால் வெந்நீரா என்று மூன்று முறை கேட்டார். அரண்மனைக் குளத்தில் வேலைக்காரர்கள் இறங்கக்கூடாதாம். வெந்நீரில் குளித்தது அவர் அம்மா குளிப்பாட்டியபோது. நானூறு பேரும் சிம்மாசனத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கதையில் இந்த ஒரு ஆள் கேட்டது ஒரு குளியல். படுக்கையறை நிலைப்படிவரை போய் நின்று, உள்ளே தொங்கும் தன்னைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவருவார். இதனால் அவர் குளிக்கவில்லை என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், மூக்கு இருந்தவர்களுக்கு.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கணவனிடம் கேட்டாள். "என்னங்க, அந்தப் புஸ்தகத்தை நீங்க இத்தோட நிறுத்திடுங்க."

"எதுக்கு?"

"முடிச்சீங்கன்னா அவரைப் பிடிச்சிட்டுப் போயி தூக்குல போட்டுடுவாங்க. நான் பார்த்துட்டேன். தினமும் அவரைத் தள்ளிவிட்டுத்தான் ஜன்னலைச் சாத்தறேன்."

மெக்கானிக் நல்லவன். முதல் பாகத்தை ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டான். வைத்த நொடியில் கூடம் நின்றது. அரசர் கொட்டாவியின் நடுவில் நின்றார். ஒரு குதிரை வாலைத் தூக்கியபடி, நல்லவேளையாக அதோடு நின்றது. கரண்டி டீயை உதட்டருகே கொண்டுபோயிருந்தார். அங்கேயே இருந்தார், டீயில் ஆடை படிந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. மூன்று நாள் அந்தக் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்து செய்தி பார்த்த மெக்கானிக் நான்காம் நாள் எழுந்து செங்கலை இறக்கினான்.

"லிஃப்டை ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டு, உள்ள இருக்கறவன் பொழைச்சிட்டான்னா சொல்லுவோம்?" என்றான். "மாட்டிக்கிட்டான்னுதான் சொல்லுவோம். இது பாவம்மா. என்னால முடியல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"நிறுத்த முடியாது. வேணும்னா மெதுவா ஓட்டறேன். உன்னால என்ன முடியுமோ அதைப் பண்ணு."

அவளால் முடிந்தது ஒன்றுதான். நடுப்பாகத்தின் முதல் பக்கங்களை இந்த முறை தாண்டாமல் படித்தாள். வீரர்களில் எவனும் ருசி பார்க்கிறவனின் முகத்தை அறியமாட்டான். அரண்மனையில் யார் முகத்தைப் பார்த்தாலும் பார்ப்பார்கள், கரண்டி பிடித்தவன் முகத்தை யார் பார்ப்பது? ஆகவே முதலமைச்சர் சுருக்கமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: வாயைத் திறக்கச் சொல்லுங்கள், பல் இல்லாதவனைப் பிடியுங்கள். மருமகள் பக்கத்தை மூடிவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, கரண்டியை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொன்னாள். அளவு மாவைக் குழைத்து மேல் ஈறில் அழுத்தினாள். அவர் பழக்கதோஷத்தில் அதையும் ருசி பார்த்தார். "விஷம் இல்லீங்க, ஆனா யாருக்கும் கொடுத்துடாதீங்க," என்றார்.

அடுத்த நாட்களில் அந்த வீட்டில் இரண்டு வேலைகள் போட்டி போட்டன. மெக்கானிக் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை படித்தான். பதிப்பாளர் முகவரியைப் படித்தான், வரைபடத்தில் ஆறுகளை விரலால் உற்பத்தி இடம்வரை தேடிப்போனான். கூடத்தில் ஒரு இளவரசி கொடுத்த முத்தம் காலையில் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்தில்தான் முடிந்தது. அரைமணிக் கலகம் ஒரு வாரம் நடந்து, கலகக்காரர்களுக்கே சலித்துப்போனது. மருமகள் பிளாஸ்டர் வார்த்தாள், மெழுகில் தாடை கட்டினாள், கடி பார்த்தாள், பல்லை ஒவ்வொன்றாக மெழுகில் நட்டாள். மருத்துவமனையில் கேள்வி கேட்பார்கள் என்று, மெழுகுக்குப் பதில் ஊற்றிய பிளாஸ்டிக்கை வேகவைத்து இறுக்குவதை மட்டும் வீட்டு குக்கரில் வைத்தாள்.

முக்காலியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா வேகுது?"

"பல்லு, அத்தை."

"யாருக்கு?"

"கரண்டிக்கு."

"ஓகோ. கதைல வர்றவனுக்கெல்லாம் கடி பார்த்துக் கட்டறே. எனக்குக் கட்டினது குதிரைக்கு எடுத்த அளவு."

"நீங்க மாட்டினாத்தானே அத்தை பழகும்."

"மாட்டினா கனைக்கத் தோணுது," என்றார் மாமியார். ஒன்பது வயது அரசன் சிரித்தான். அவனை அவர் வெளியே விரட்டினார். நிலைப்படி தாண்டியதும் அவன் தொட்டில் குழந்தையாகிக் கூடத்தில் அழுதான்.

பற்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தயாராயின. மெக்கானிக்குக் கையில் இரண்டு தாள் மீதம். அவள் மெருகு போடக்கூட நேரமில்லாமல் செட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது அரசர் சூப்பை முடித்துவிட்டு மேஜையின்மேல் சரிந்திருந்தார். மெக்கானிக் பழக்கத்தில் எழுந்து அவர் காலைப் பிடித்தான். பிறகுதான் அவர் ஏற்கெனவே கூடத்தில் இருக்கிறார், இழுக்க வேறு அறை இல்லை என்று உறைத்தது. காலை மெல்ல இறக்கிவைத்தான். எல்லாக் கண்களும் கரண்டியின் பக்கம் திரும்பின. சூப்பை முதலில் ருசி பார்த்தவர் அவர்தான். விஷம் பிறகு கிண்ணத்தின் விளிம்பில் தடவப்பட்டது என்று நடுப்பாகத்தில்தான் வரும். மருமகள் அவர் தாடையைப் பிடித்து, மேல் செட்டை அழுத்தி, கீழ் செட்டை அழுத்தி, "கடிங்க," என்றாள். கடித்தார். முதல் பாகம் கடைசித் தாளின் அடியில், அரைவாக்கியத்தில், ரம்பம் பட்ட இடத்தில் நின்றது: வீரர்கள் கூடத்துக்குள் நுழைந்து. அவ்வளவுதான். மீதி படுக்கையறையில் இருந்தது. நடுவில் ரம்பம் தின்ற மயிரிழையில் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வீரர்கள் கூடத்துக்குள் நுழைந்தார்கள். ஐந்து பேர், இரும்புச் சட்டை. வரிசையாக வாயைத் திறக்கச் சொன்னார்கள். மெக்கானிக் திறந்தான், ஒரு கடைவாய்ப் பல் சொத்தை, குற்றமில்லை. மருமகள் திறந்தாள். கரண்டி திறந்தார், அரண்மனையிலேயே இல்லாத அளவுக்கு ஒழுங்கான, ஒரே அளவான, வெள்ளைவெளேர் என்ற பல்வரிசை. தலைவன் ஒரு கணம் பொறாமையோடு பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனான். அடுத்த ஆள், என்ன கூச்சல் என்று பார்க்கச் சமையலறையிலிருந்து வந்த மாமியார். டம்ளர் உள்ளே இருந்தது.

"இதோ," என்றான் தலைவன், அவர் கையைப் பிடித்தான்.

ஒரு வாயை அடைத்து இன்னொரு வாயைத் திறந்துவிட்டோம் என்று மட்டும் மருமகளுக்குத் தோன்றியது. மெக்கானிக் ஸ்பானரைத் தேடினான். மாமியார் மட்டும் அசையவில்லை. தன் கையைப் பிடித்திருந்த கையை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாம் பாகத்தை அவர் இரண்டு முறை படித்திருந்தார். ஆயிரக்கணக்கான தொலைபேசி எண்களை மனப்பாடமாக வைத்திருந்த தலையில் நானூறு துரோகிகள் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

"இடது கையில கட்டைவிரல் இல்லாதவன். நீதானே தலைவன்?" என்றார், பல்லில்லாத வாயில் காற்று விசிலடிக்க. "கையை எடுடா. நீ யாருக்கு வேலை பார்க்கறே?"

"முதலமைச்சருக்கு."

"அவன் உன்னை ஆத்துல தள்ளிவிடப் போறான். முதலை. கால்ல ஆரம்பிக்கும்."

தலைவன் கையை எடுத்தான்.

"உன் பின்னாடி நிக்கறானே மூக்கன், அவன் யாருக்கு ஒற்றன்னு கேளு. கேளேன். ராணிக்கு. அந்தக் குள்ளன் மூக்கனுக்கு ஒற்றன். கடைசில ஒருத்தன் வாயையே திறக்காம நிக்கறானே, அவன் பொண்டாட்டி ராத்திரி யார்கூடப் பேசறா தெரியுமா? வேணாம், அதைச் சொன்னா உங்களுக்குள்ளேயே வெட்டிக்குவீங்க, இப்பத்தான் தரை துடைச்சோம்."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் செய்ததும் இதுதான், ஒரு லைனை இன்னொரு லைனில் செருகுவது. அப்போது சம்பளம் கொடுத்தார்கள். மூக்கன் முதலில் வாளை உருவினான், யாரை நோக்கி என்று முடிவுசெய்ய முடியாமல் மறுபடி உறையில் போட்டான். பிறகு ஐந்து பேரும், இடித்துக்கொண்டு, வீட்டு வாசலைத் தாண்டி இறங்கிப்போனார்கள். அதுவரை கதையிலிருந்து யாரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அவர்களைக் கடைசியாகப் பார்த்தது கீழ்த்தளத்துக் காவலாளி: பேருந்து நிறுத்தத்தில் இரும்புச் சட்டையோடு நின்றார்கள், சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்கள்.

மருமகள் படுக்கையறைக்கு ஓடினாள். பிணமாகக் கிடந்த அரசர் அப்படியே கிடந்தார். ஜன்னல் கம்பியில் கயிறு இருந்தது. கயிற்றில் யாரும் இல்லை.

கரண்டி நிலைப்படியில் வந்து நின்றார். புதுப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டே உள்ளே பார்த்தார்.

"வாங்க," என்றாள்.

"வரலாங்களா?"

"தெரியல. இங்க நீங்க இப்ப தொங்கல."

மெக்கானிக் எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் வந்து அவர் கால்களைப் பிடிக்கத் தோதாகக் குனிந்து நின்றான். கரண்டி வலது காலை உள்ளே வைத்தார். விழவில்லை. இடது காலை வைத்தார். அரசரின் பிணத்துக்கு ஒரு கும்பிடு போட்டுத் தாண்டினார். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாய் திருகும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு பெரிய மனிதன் குழந்தைபோல் கத்தும் சத்தமும் கேட்டன. சூடு அதிகம், அவ்வளவுதான். பச்சைத் தண்ணீர்க் குழாயை மருமகள் கதவுக்கு வெளியே நின்று விளக்கினாள்.

செங்கலை மறுபடி ஒட்டப் பார்த்தார்கள். மூன்று பாகமும் பொருந்தவில்லை. ஒரு பல் நகர்ந்த தாடை மறுபடி கடிக்குச் சேராது. நடுப்பாகத்தில் இப்போது காலிக் கயிற்றைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது. மூன்றாம் பாகத்தில் முதலை ஆற்றங்கரையில் பசியோடு காத்திருந்ததாக மட்டும் எழுதியிருந்தது. அதற்காக மாமியார் கொஞ்சம் வருத்தப்பட்டார். அந்த மாதக் கடைசியில் அவர் சமையலறையிலிருந்து, யாரையும் பார்க்காமல், அந்தக் கரண்டிக்கு எடுத்த மாதிரி ஒரு அளவு எடுத்தால் தானும் ஒருமுறை மாட்டிப் பார்க்கலாம் என்று பொதுவாகச் சொன்னார். மருமகள் எடுத்தாள். பொருந்தியது. குறை சொல்ல அவர் வேறு விஷயம் தேடிக்கொண்டார். யாரும் படிக்காததால் அரசவை மெல்ல மெல்ல மங்கியது. கடைசியாகப் போனது குதிரை வாடை. கயிற்றில் துணி காயப்போட்டார்கள்.

கரண்டி போகவில்லை. லிஃப்ட் கம்பெனியின் கேண்டீனில் அவருக்கு வேலை கிடைத்தது, சாம்பிள் பார்க்கிற வேலை. அங்கே இத்தனை வருடங்களில் ஒருவருக்கும் வயிற்றுக்குச் சரியில்லை என்று வந்ததில்லை. ஆறு வருடத்துக்கு ஒருமுறை பல் செட்டை மாற்றிக்கொள்கிறார். காலையில் அவர் குளியலறைக்குள் போனால் முக்கால் மணி நேரம் ஆகிறது, தொட்டியில் வெந்நீர் மிஞ்சுவதில்லை. வீட்டில் மற்ற மூவரும் அதற்கு முன்பே எழுந்து குளித்துவிடுகிறார்கள்.